நாற்பதில் பத்தொன்பது

புசா ரோட்டின் தலைக்கு மேல் 2005 டிசம்பர் கடைசியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. கீழே, காலை நேரத்துக் காட்சி மட்டும் மாறவேயில்லை. ஏழு மணிக்கு முன்பே சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பள்ளிக்கூடப் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நகர்கின்றன. ஒரே ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிள்ளைகள். டை கட்டிய தம்பி ஒரு வாசலில் இறங்குகிறான். இரட்டைப் பின்னல் போட்ட அக்கா அடுத்த திருப்பத்தில் வேறு வாசலில் இறங்குகிறாள். தில்லியில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி இது. நகரத்துப் பெண் குழந்தைகளின் படிப்பைப் பற்றிய பாதிக் கதை அந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கரோல்பாகிலிருந்து பட்டேல் நகர்ப் பக்கம் போகும் இந்தச் சாலையிலும் சுற்றுவட்டாரத்திலும் தலைநகரின் பள்ளிக்கூட வகைகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். 1955-ல் ரஜ்னி குமார் தொடங்கிய ஸ்பிரிங்டேல்ஸ் போன்ற தனியார் பள்ளி உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அது அரசின் நிதி உதவியோடு நடப்பது. முழுக்க அரசே நடத்தும் பள்ளிகளும் எட்டும் தூரத்தில் உண்டு. எந்த வகைப் பள்ளியானாலும் ஆண்டுதோறும் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு கணக்குத் தர வேண்டும். மொத்தம் எத்தனை பேர், பெண்கள் எத்தனை, எந்தப் பிரிவினர், எந்த வகுப்பில் எவ்வளவு என்று நீளமான படிவம். யூடைஸ் என்று அதற்குப் பெயர்.

அந்தக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் ஒரு வரி தலைப்புச் செய்தியாகிறது: பெண்களின் சேர்க்கை கூடியிருக்கிறது. 2024-25 கணக்குப்படி நாட்டின் பள்ளி மாணவர்களில் 48.3 சதவிகிதம் பேர் பெண்கள். முந்தைய ஆண்டு 48.1. நல்ல செய்திதான். ஆனால் அதை எப்படிப் படிப்பது என்பதற்கு இன்னொரு எண் கையில் இருக்க வேண்டும்.

அந்த எண் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 2011-ல் தில்லியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 871 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 1991-ல் 915 ஆக இருந்தது, 2001-ல் 868 ஆகச் சரிந்து, பிறகு ஏதோ மூன்று படி ஏறியது. அதே 2011-ல் தமிழ்நாட்டில் 943, நாடு முழுவதும் 918. கருவிலேயே பெண்ணைக் கண்டுபிடித்துக் கலைத்துவிடும் பழக்கம் தலைநகரின் வசதியான பேட்டைகளையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அன்று எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகள் இன்று பதினான்கு வயதைத் தாண்டிவிட்டார்கள். மேல்நிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இல்லையென்றால் பள்ளியைவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த 871-ஐ வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் கணக்கு எளிது. எல்லாக் குழந்தைகளும் எல்லாப் பள்ளிகளிலும் சமமாகப் பரவியிருந்தால், 40 பேர் உள்ள ஒரு தில்லி வகுப்பில் ஏறத்தாழ 19 பெண்களும் 21 பையன்களும் இருக்க வேண்டும். ஆகவே ஒரு பள்ளியில் 40-க்கு 24 பெண்கள் இருந்தால் தலைமையாசிரியர் மகிழலாம். கணக்குத் தெரிந்தவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே ஐந்து பெண்கள் கூடுதலாக வந்திருக்கிறார்கள் என்றால், எங்கோ இன்னொரு வகுப்பில் 14 பெண்களும் 26 பையன்களும் இருக்கிறார்கள். அந்த வகுப்பு எது?

பெரும்பாலும் அது கட்டணம் வாங்கும் வகுப்பு. மத்தியப் புள்ளியியல் துறை 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடத்திய கல்விச் செலவு ஆய்வு, அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செலவழிப்பது சராசரியாக 2,863 ரூபாய் என்கிறது. மற்றப் பள்ளிகளில் 25,002 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. மாதம் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ சம்பாதிக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் அந்த 25 ஆயிரத்தில் சேர்க்க முடியாது. ஒருவரை மட்டும் சேர்க்கலாம் என்றால் யாரை? கிராமங்களில் ஆண்டுக்கணக்காக ஆய்வு நடத்திவரும் பிரதம் அமைப்பின் அசர் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தனியார் பள்ளிக்குப் போகிறவர்களில் பையன்களின் பங்கு கூடுதல், அரசுப் பள்ளிக்குப் போகிறவர்களில் பெண்களின் பங்கு கூடுதல். நகரத்தில் இது மறைந்துவிடவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு வாசலில் இறங்கும் அக்காவும் தம்பியும் அதற்கு உதாரணம்.

தில்லி அரசுப் பள்ளிகளின் ஏற்பாடு இதைக் கண்ணுக்கு நேராகவே காட்டும். இடநெருக்கடியால் ஒரே கட்டிடத்தில் இரண்டு ஷிப்ட் நடக்கும் பள்ளிகள் இங்கே ஏராளம். காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் பையன்கள். ஒரே பெஞ்சு, ஒரே கரும்பலகை, ஒரே தண்ணீர்த் தொட்டி. பெண்கள் பள்ளியின் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அங்கே நூற்றுக்கு நூறு பெண்கள். விகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே கட்டிடத்தின் மாலைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டையில் பையன்கள் அதிகம், பள்ளியில் பெண்கள் அதிகம் என்றால், மிச்சப் பையன்கள் எங்கே போனார்கள் என்று ஊருக்கே தெரியும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பெண்கள் பள்ளிக்கு அநியாயம் செய்ததாகும். தில்லியின் பழைய பெண்கள் பள்ளிகளில் ஒன்றான இந்திரப்பிரஸ்தா, அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான சபை ஆதரவில் 1904-ல் ஜும்மா மசூதி அருகே தொடங்கியபோது, பெண்ணை வீட்டுவாசல் தாண்டி அனுப்புவதே பெரிய விஷயம். பெண்களுக்கென்று தனிப் பள்ளி என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பிய வீடுகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணை, பையன்கள் படிக்கும் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தகப்பன், காலை ஷிப்ட் பெண்கள் பள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்புவரை விட்டுவைக்கிறார். அந்த நாலு வருஷம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சாதாரணமா? கல்யாணம் தள்ளிப்போகிறது, அடுத்த படிப்பு பற்றிப் பேச்செடுக்க முடிகிறது. அரசும் தன் பங்குக்கு ஊக்கம் தந்தது. 2008 ஜனவரியில் தொடங்கிய லாட்லி திட்டத்தில், ஏழை வீட்டுப் பெண் பிறந்தபோதும், 1, 6, 9, 10, 12-ம் வகுப்புகளை எட்டும்போதும் அவள் பெயரில் பணம் போடப்பட்டது. மொத்தமாகப் பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் கைக்கு வரும். பெண்ணைப் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் என்று அப்பாவுக்குப் புரியும் மொழியில் சொன்ன திட்டம்.

ஆகவே எண்ணிக்கை கூடுதல் என்பது புறக்கணிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், அக்கறையின் அடையாளமாகவும் இருக்கலாம். மொத்தத் தொகையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பதிவேட்டை வகுப்புவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் ஒன்பதைத் தாண்டினார்கள்? பதினொன்றில் அவர்களுக்கு அறிவியல் பிரிவு அந்தப் பள்ளியில் உண்டா, இல்லை வேறு வழியின்றிக் கலைப் பிரிவா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அந்தப் பள்ளி பெண்ணைப் படிக்கவைக்கிறதா, பத்திரமாக வைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கணக்கு எழுதும் முறையும் இப்போது மாறியிருக்கிறது. முன்பு பள்ளிகள் மொத்தத் தொகையை மட்டும் அனுப்பின. 2022-23 முதல் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். 2021-22-ல் 26 கோடியைத் தாண்டியிருந்த நாட்டின் மாணவர் எண்ணிக்கை 2024-25-ல் 24.69 கோடியாக இறங்கியதற்கு, பிறப்பு குறைந்துவருவதோடு இந்த மாற்றமும் ஒரு காரணம். சலுகைக்காக ஒரு பள்ளியிலும் படிப்புக்காக இன்னொரு பள்ளியிலும் பெயர் வைத்திருந்த பிள்ளைகள் இனி ஒருவராகத்தான் எண்ணப்படுவார்கள். பழைய ஆண்டோடு ஒப்பிட்டு ‘ஒரே அடியாகக் குறைந்துவிட்டது’ என்று பதறுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பதறுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தலை எண்ணிக்கையில்தான் பணம் இருக்கிறது. அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று ஒரு வகை. பணம் அரசுடையது, நிர்வாகம் தனி அமைப்புடையது. 1991-ல் மின்னசோட்டா மாநிலம் அதற்கு முதலில் சட்டம் போட்டது. சேர விரும்புகிறவர்கள் இடத்தைவிட அதிகம் என்றால் குலுக்கல். எத்தனை பிள்ளைகளோ அத்தனைக்குத்தான் நிதி. சிகாகோவில் 2000-ல் பெண்களுக்கென்றே திறந்த ஒரு சார்ட்டர் பள்ளி 2019-ல் மூடப்பட்டது. நம்மூரில் இதற்கு நெருங்கிய உறவு அரசு உதவி பெறும் பள்ளி. 1973-ம் ஆண்டு தில்லி பள்ளிக் கல்விச் சட்டத்தின்கீழ் நடக்கும் இத்தகைய பள்ளிகளுக்குச் செலவில் 95 சதவிகிதம் அரசு தரும், 5 சதவிகிதம் நிர்வாகம் போட வேண்டும். எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை மாணவர் எண்ணிக்கை தீர்மானிக்கும். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் ‘உபரி’ ஆகும். ஓய்வு பெறுகிறவரின் நாற்காலி காலியாகவே கிடக்கும். பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்றால் இருக்கிற பெற்றோரும் டி.சி. வாங்கப் பார்ப்பார்கள். ஒரு பள்ளி தேய்வது இப்படித்தான், ஓசையில்லாமல்.

இந்தக் கவலை தலைநகரின் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. குளிருக்குத் தில்லி, கோடைக்குச் சிம்லா என்று சர்க்கார் அலைந்துகொண்டிருந்த காலத்தில் குமாஸ்தாக்களாகவும் அதிகாரிகளாகவும் வந்த தென்னிந்தியர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக 1923-ல் மதராசிக் கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி, புசா ரோடு என்று அதன் ஏழு பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே பழைய தில்லித் தமிழர்களின் வரைபடம் கிடைத்துவிடும். பெரும்பாலும் மத்திய அரசு குடியிருப்புகள், அல்லது அவற்றின் அக்கம்பக்கம். புசா ரோட்டுக்குக் கரோல்பாகின் வாடகை வீடுகள். மாடியில் வடாம் காய்ந்த வீடுகள் அவை.

அந்த வரைபடம் இப்போது பழசு. அன்றைய குமாஸ்தாவின் பேரன் தில்லிக்கு வருவதென்றால் குர்காவுனுக்கோ நொய்டாவுக்கோ வருகிறான். கரோல்பாக்வாசிகள் பலர் மயூர் விகார், துவாரகா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். 2001-ல் தமிழைத் தாய்மொழியாகச் சொன்ன தில்லிவாசிகள் சுமார் 92 ஆயிரம். 2011-ல் சுமார் 83 ஆயிரம். அந்தப் பத்து வருஷத்தில் தில்லியின் ஜனத்தொகை ஒரு கோடியே 38 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 68 லட்சமாக ஊதியது. ஊர் பெருத்தது, தமிழர் மெலிந்தார்கள். மிஞ்சியவர்களில் வசதியானவர்கள் பெரிய தனியார் பள்ளிகளைத் தேடிப் போகிறார்கள். தமிழ்ப் பள்ளியின் வகுப்பறையில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து ‘அ’ எழுதிப் பழகுகிறார்கள். அதுவும் ஒரு அழகுதான்.

அந்த வகுப்பறைகளை நம்பியிருப்பவர்கள் இரண்டாவது அலையாக வந்த தமிழர்கள். அறுபதுகளிலிருந்து வட மாவட்டங்களிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் மழை பொய்த்த நிலத்தைவிட்டு ரயிலேறியவர்கள். கட்டிட வேலை, துப்புரவு வேலை, வீட்டு வேலை. ஜங்புரா, திரிலோக்புரி என்று குடிசைகளிலும் மறுகுடியமர்வுப் பேட்டைகளிலும் குடியேறினார்கள். இந்த வீடுகளில் அம்மா காலை ஐந்தரைக்கே நாலு வீட்டுப் பாத்திரம் துலக்கப் போகிறாள். தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு போடுவது பத்து வயது அக்கா. அவளுக்குப் பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தால் இரண்டையும் சமாளிப்பாள். இல்லையென்றால் முதலில் விடுபடுவது பள்ளிதான்.

2025 ஜூன் 1-ம் தேதி அந்தத் தூரம் ஒரே நாளில் மாறியது. ஜங்புரா அருகே பாராபுல்லா கால்வாயோரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த மதராசி கேம்ப், வெள்ள நீர் வடிவதற்குத் தடையாக இருக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் பாதிக்குச் சற்றே கூடுதலான குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. மாற்று வீடு நரேலாவில். நகரின் வடக்கு ஓரம், முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். பல குழந்தைகள் நடந்தே போய்வந்த லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி இந்த முனையில், வீடு அந்த முனையில். 2019 அக்டோபரில் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது பெரிய உதவி. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யலாம், இரண்டு மணி நேரப் பயணத்தை ரத்து செய்ய முடியாது. நரேலா வழியாகப் போகும் மெட்ரோ பாதைக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தண்டவாளம் வருவதற்குள் இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பெண் மேல் வகுப்புகளுக்குப் போயிருப்பாள். அல்லது பள்ளியை விட்டிருப்பாள்.

பதிவேட்டில் இது எப்படித் தெரியும்? லோதி எஸ்டேட்டில் சில பெயர்கள் குறையும். நரேலா அரசுப் பள்ளியில் சில பெயர்கள் கூடும். அங்கே தமிழ்ப் பாடம் கிடைக்குமா என்பது வேறு பேச்சு. இரண்டு கணக்குக்கும் நடுவில் நின்றுவிட்ட பெண்ணின் பெயர் எதிலும் இருக்காது. குழந்தைவாரியாகப் பதியும் புதிய முறையின் உண்மையான பயன் இங்கேதான் தெரிய வேண்டும். ஒரு பள்ளியில் டி.சி. வாங்கி இன்னொரு பள்ளியில் சேராத பெயரைக் கணினி காட்டிக்கொடுக்கும். காட்டிய பெயரைத் தேடி ஒருவர் படியேறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்பதே கேள்வி.

ஒரு பள்ளியில் எத்தனை பெண்கள் என்று கேட்பது ஆரம்பம்தான். அவளுடைய அண்ணன் தம்பி எங்கே படிக்கிறான், அவளோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை எட்டினார்கள், அவள் வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளும் கூடவே வர வேண்டும். வகுப்பாசிரியைக்கு மூன்றுக்கும் பதில் தெரியும். தினமும் அந்தப் பெண்களோடு பேசுகிறவர் அவர். டைப் அடித்த படிவத்தில் முதல் கேள்விக்குக் கட்டமே இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2027-ல் முடியும்போது தில்லிக்குப் புது எண் கிடைக்கும். 871 எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியும். நாற்பதில் பத்தொன்பது என்பது இருபதானால் நல்லது. அந்த இருபது பேரும் புசா ரோட்டின் எல்லா வாசல்களிலும் ஒரே அளவில் இறங்கினால் இன்னும் நல்லது. அதுவரை அந்த ஸ்கூட்டர் இரண்டு இடத்தில் நின்றுகொண்டிருக்கும். முதல் வாசலில் தம்பி, அடுத்த வாசலில் அக்கா.